'டச் ஆஃப் ஈவில்': மறுபடி பார்க்க எந்த வடிவம்?

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' என்ற குற்றப் படத்தை இளமையில் ஒருமுறை பார்த்தவர், பல ஆண்டுகள் கழித்து அதை மறுபடி பார்க்க விரும்பினால், எதைப் பார்ப்பது என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். அந்தப் பெயரில் மூன்று வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. 1958இல் திரையரங்குகளுக்கு வந்தது ஏறத்தாழ 95 நிமிடம் ஓடுகிறது. வெளியீட்டுக்கு முன் சோதனையாகத் திரையிடப்பட்டு, 1970களின் நடுவில் வெளிச்சத்துக்கு வந்த முன்னோட்டப் பிரதி 108 நிமிடத்துக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கிறது. வெல்ஸ் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் ஸ்டுடியோவுக்கு எழுதிய 58 பக்கக் குறிப்பை வழிகாட்டியாகக் கொண்டு 1998இல் மறுதொகுப்புச் செய்யப்பட்டது 111 நிமிடம். மூன்றிலும் கதை ஒன்றுதான், முடிவும் ஒன்றுதான். இருந்தும், கதையைத் தெரிந்துகொண்டு உட்காரும் ஒருவருக்கு இம்மூன்றும் சமமானவை அல்ல என்பதே என் கருத்து.

கதை மங்கியிருப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் லாஸ் ரோப்ளஸ் என்ற கற்பனை ஊர். எல்லையைத் தாண்டி அமெரிக்கப் பக்கம் வந்த ஒரு செல்வந்தரின் கார் வெடித்துச் சிதறுகிறது. புதுமனைவி சூசனுடன் அங்கே நடந்துகொண்டிருந்த மெக்சிகோ போதைத்தடுப்பு அதிகாரி வர்காஸ் விசாரணையில் நுழைகிறார். அமெரிக்கப் பக்கத்தின் காவல் அதிகாரி ஹாங்க் குவின்லன், சான்செஸ் என்ற இளைஞன்தான் குற்றவாளி என்று தன் உள்ளுணர்வை வைத்தே முடிவுசெய்து, அவன் வீட்டுக் குளியலறையில் இருந்த காலிச் செருப்புப் பெட்டிக்குள் டைனமைட் குச்சிகள் கிடைத்ததாகக் காட்டுகிறார். அந்தப் பெட்டி சற்று முன்பு காலியாக இருந்ததைக் கண்ணால் கண்ட வர்காஸ் அதை வெளியே சொல்ல, குவின்லன் உள்ளூர்க் குற்றக் கும்பலின் தலைவன் கிராண்டியுடன் சேர்ந்து வர்காஸின் மனைவி மீது போதைப் பழியைச் சுமத்தத் துணிகிறார். இறுதியில் சான்செஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற செய்தி வருகிறது. குவின்லனின் உள்ளுணர்வு சரி, அவர் வைத்த சான்று பொய்.

முதல் முறை பார்ப்பவரின் கண் பெரும்பாலும் குவின்லனிடமும் வர்காஸிடமும்தான் இருக்கும். படப்பிடிப்பின்போது 41 வயதே ஆன வெல்ஸ், பொய்ச்சதையும் ஒப்பனையும் பூசிக்கொண்டு, ஊதிப்போன முதியவராக உருமாறி நிற்கையில் வேறு எங்கும் பார்க்கத் தோன்றாது. இரண்டாம் முறை, முடிவு தெரிந்த பிறகு, கண் மெல்ல வேறொருவரிடம் நகர்கிறது. ஜோசப் கலேயா நடித்திருக்கும் பீட் மென்சீஸ் என்ற உதவி அதிகாரிதான் அவர். தன்மேல் பாய வேண்டிய குண்டைக் காலில் வாங்கிக்கொண்டவர் என்பதற்காகவே குவின்லனைப் பல்லாண்டுகளாகத் தெய்வமாகக் கொண்டாடுபவர் அவர். கிராண்டி கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடந்த விடுதி அறையில் குவின்லனின் கைத்தடியைக் கண்டெடுத்து வர்காஸிடம் கொண்டுவருபவரும், உடலில் ஒலிவாங்கியைக் கட்டிக்கொண்டு தன் தலைவரிடம் பேச்சுக் கொடுக்க ஒப்புக்கொள்பவரும் அவரே. வர்காஸ் தொடக்கத்தில் எப்படியோ முடிவிலும் அப்படியே இருக்கிறார். குவின்லனும் தான் போகும் வழியிலேயே போய்ச் சேர்கிறார். படம் முழுவதிலும் ஒரு முடிவெடுத்து, அதற்கான விலையைக் கொடுப்பவர் மென்சீஸ் ஒருவர்தான். ஆகவே எந்த வடிவம் இவருடைய மனமாற்றத்தை நாம் நம்பும்படி செய்கிறது என்பதையே என் அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். வெல்ஸின் கை எதில் அதிகம் என்ற கேள்வி விமர்சகர்களுக்கு முக்கியமாக இருக்கலாம்; மறுபடி பார்க்கும் ரசிகருக்கு அது அடுத்த கேள்விதான்.

மூன்று வடிவங்கள் உருவான விதத்தை அறியாமல் அவற்றை ஒப்பிட முடியாது. யுனிவர்சல் ஸ்டுடியோ 1957 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கலிஃபோர்னியாவின் வெனிஸ் நகரத்தை எல்லை ஊராக மாற்றிப் படத்தை எடுக்கவிட்டது. படத்தொகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஸ்டுடியோவுக்கும் வெல்ஸுக்கும் இடையே விரிசல் விழுந்தது. வெல்ஸின் தொகுப்பு பார்வையாளர்களைக் குழப்பும் என்று அஞ்சிய ஸ்டுடியோ, அதைத் தானே திருத்தத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் ஹாரி கெல்லர் என்ற இயக்குநரைக் கொண்டு சில விளக்கக் காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தது. இந்தத் திருத்திய வடிவத்தை ஒரேயொரு முறை பார்க்க அனுமதிக்கப்பட்ட வெல்ஸ், 1957 டிசம்பர் 5ஆம் நாளிட்டு, தயாரிப்புத் தலைவர் எட்வர்ட் மூலுக்கு 58 பக்கக் குறிப்பை எழுதினார். அதில் சிலவற்றைத்தான் ஸ்டுடியோ ஏற்றது. பிறகு முன்னோட்டத் திரையிடல், அதன் பின் இன்னும் சில வெட்டுகள், கடைசியாக இரட்டைப் படக் காட்சியில் இரண்டாவது படமாக ஒரு சாதாரண வெளியீடு. இன்று உலகத் திரைப்பட வரலாற்றில் பேசப்படும் படம் அப்படித்தான் வெளியே வந்தது.

வெல்ஸ் முதலில் தொகுத்த வடிவம் நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே இயக்குநரின் வடிவம் என்ற தேர்வே நம் முன் இல்லை. விற்பனைக்காக யாராவது 1998 வடிவத்தின் மேல் அந்தச் சீட்டை ஒட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

95 நிமிட வடிவத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பழைய தலைமுறை ரசிகர்களில் பலரும் முதலில் பார்த்தது அதைத்தான். அது ஒன்றும் சிதைந்த படம் அல்ல. வேகம் உண்டு, ரஸ்ஸல் மெட்டியின் ஒளிப்பதிவு உண்டு, மூன்று நிமிடத்துக்கும் மேல் வெட்டே இல்லாமல் நீளும் அந்தப் புகழ்பெற்ற தொடக்க ஷாட் உண்டு. ஒரு கை வெடிகுண்டின் நேரத்தைத் திருகுவதில் தொடங்கி, கார் தெருக்களைக் கடந்து எல்லைச் சாவடியைத் தாண்டும்வரை கிரேனில் ஏறி இறங்கிக் கூடவே வரும் ஷாட் அது. இந்த வடிவத்தில் அதன்மேல் எழுத்துகள் ஓடுகின்றன; பின்னால் ஹென்றி மான்சினியின் இசை, தோற்கருவிகளும் பித்தளைக் குழல்களுமாக, கொதிக்கிறது. அந்த இசை மிகச் சிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது இல்லாத தொடக்கம் வெறிச்சென்று இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த இசையும் எழுத்துகளும் சேர்ந்து, பார்வையாளரை ஒரு திகில் படத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. குண்டு எப்போது வெடிக்கும் என்ற ஒரே கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. குண்டு எங்கே, எப்போது வெடிக்கும் என்பது ஏற்கெனவே தெரிந்தவருக்கு அந்தக் கேள்வியால் பயன் ஏதும் இல்லை.

வெடிப்புக்குப் பிறகு வரும் பகுதியில் இந்த வடிவத்தின் குறை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கணவன் விபத்து நடந்த இடத்தில், மனைவி கிராண்டியின் ஆட்களிடம் என்று இரண்டு தடங்கள் அங்கே பிரிகின்றன. இவ்விரண்டையும் மாறி மாறி வெட்டிக் காட்ட வேண்டும், சூசனை அதிக நேரம் கண்ணிலிருந்து மறைக்கக் கூடாது என்பது வெல்ஸ் தம் குறிப்பில் வலியுறுத்திய ஒன்று. ஸ்டுடியோவோ ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றைத் தொடங்கும் விதத்தில், பெரிய துண்டுகளாக அடுக்கியது. விளங்கிக்கொள்ள எளிது என்பதே அதற்கான நியாயம். எளிதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இரவில், எல்லைக் கோட்டின் இரு பக்கங்களிலும், ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு பேர் இரண்டு வலைகளில் சிக்குகிறார்கள் என்ற உணர்வு அதில் தொலைந்துபோகிறது. கணவன் தன் கடமைப்பற்றில் மனைவியை மறந்துவிட்டான் என்ற குற்றச்சாட்டும் அதனுடன் மழுங்குகிறது; இரண்டாம் முறை பார்க்கையில் வர்காஸின்மேல் எழக்கூடிய நியாயமான எரிச்சலுக்கு அடிப்படையே அந்தக் குற்றச்சாட்டுதான்.

முன்னோட்டப் பிரதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது கிடைத்தபோது, இழந்த வெல்ஸ் திரும்பிவிட்டார் என்ற மகிழ்ச்சி பரவியது இயல்பே. 95 நிமிட வடிவத்தில் வெட்டப்பட்டிருந்த வெல்ஸின் காட்சிகள் அதில் உண்மையாகவே இருந்தன. ஆனால் கெல்லர் எடுத்த காட்சிகளும் அதில் கூடுதலாக இருந்தன. நீளம் கூடியது என்பதற்காக ஒரு வடிவம் மூலத்துக்கு நெருக்கமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டாம். வர்காஸும் சூசனும் சமாதானமாகிக் கொஞ்சிக்கொள்ளும் வகைக் காட்சிகளில் ஒளியும், நடிப்பின் தொனியும், கேமரா நிற்கும் இடமும் சட்டென்று வேறு படத்துக்குப் போய்விட்டதைப் போல் மாறுவதைக் கவனிக்கலாம். ஆராய்ச்சி செய்பவருக்கு இந்தப் பிரதி புதையல்தான். ஒரு மாலையை ஒதுக்கி ஒரே ஒரு முறை மறுபடி பார்க்க நினைப்பவருக்கு மூன்றில் இதுவே கடைசித் தேர்வு.

1998 வடிவத்துக்கு வருவோம். ரிக் ஷ்மிட்லின் தயாரிக்க, வால்டர் மர்ச் தொகுக்க, விமர்சகர் ஜொனாதன் ரோசன்பாம் ஆலோசகராக இருக்க, குறிப்பை வரிவரியாக வைத்துக்கொண்டு ஏறத்தாழ ஐம்பது மாற்றங்கள் செய்யப்பட்டன. ஒலிக்கலைஞராகவும் படத்தொகுப்பாளராகவும் ஒருசேரப் பெயர் பெற்ற மர்ச்சைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான முடிவு, ஏனெனில் மாற்றங்களில் முதன்மையானது காதுக்கு உரியது. தொடக்க ஷாட்டிலிருந்து எழுத்துகள் நீங்கிப் படத்தின் முடிவுக்குப் போய்விட்டன. மான்சினியின் முகப்பு இசையும் நீங்கியது. அதற்குப் பதிலாக, வெல்ஸ் கேட்டிருந்தபடி, அந்தத் தெருவின் ஒலிகளே வருகின்றன. காரின் வானொலியில் ஒரு பாட்டு. கேளிக்கை விடுதி ஒன்றைக் கடக்கையில் அதன் வாசலிலிருந்து இன்னொரு பாட்டு. அது தேய்ந்ததும் அடுத்த விடுதியிலிருந்து வேறொன்று. கார் திரைச்சட்டத்தைவிட்டு வெளியே போகும்போது அதன் வானொலி மெலிகிறது. திரும்பி வரும்போது உயர்கிறது. குண்டு இருக்கும் இடத்தை, கண்ணால் பார்க்க முடியாதபோதும், காதால் பின்தொடர முடிகிறது.

இந்த மாற்றத்தின் பலன் அந்த மூன்று நிமிடங்களோடு நின்றுவிடுவதில்லை என்பதுதான் என்னைப் பொறுத்தவரை இந்த வடிவத்தின் வலுவான வாதம். படத்தின் இறுதிப் பகுதியை நினைத்துப் பாருங்கள். மென்சீஸ் ஒலிவாங்கியை உடலில் மறைத்துக்கொண்டு குவின்லனுடன் நடக்கிறார். எண்ணெய்க் கிணறுகளின் இரும்புக் கோபுரங்களுக்கும் பாலத்துக்கும் அடியில், ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வர்காஸ் அந்தக் குரல்களைத் துரத்துகிறார். தொலைவு கூடினால் குரல் கரகரக்கிறது, நெருங்கினால் தெளிகிறது. ஒரு கட்டத்தில் பாலத்துக்கு அடியிலிருந்து தன் குரலே எதிரொலியாகத் திரும்பி வருவதைக் கேட்டுத்தான் குவின்லனுக்குத் துரோகம் புரிகிறது. ஒரு வானொலியைக் காதால் பின்தொடர்வதில் தொடங்கும் படம், ஒரு குரலைக் காதால் பின்தொடர்வதில் முடிகிறது. முதல் ரீலிலேயே காதைப் பழக்கிவைத்தால்தான் கடைசி ரீலில் அந்தப் பழக்கம் பயன்படும். மான்சினியின் இசை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருந்த நூலை அது மூடிவிட்டிருந்தது. இதை வெல்ஸ் தம் மனத்தில் இதே சொற்களில் எண்ணியிருந்தார் என்று நான் வாதிடவில்லை. திரையில் அது நிகழ்கிறது, அதுவே போதும்.

இரண்டாவது மாற்றம் மிகச் சிறியது. ஆனால் என் அளவுகோலின்படி முடிவைத் தீர்மானிப்பது அதுதான். குவின்லன் பல வழக்குகளில் சான்றுகளைத் தானே வைத்திருக்கிறார் என்பதை, ஆவணக் காப்பறையில் வைத்து வர்காஸ் மென்சீஸிடம் அடுக்கிக் காட்டுகிறார். அங்கே மென்சீஸின் முகத்துக்கு ஒரு நெருக்கக் காட்சி இருந்தது. அகலக் கோண லென்ஸைத் தவறாகப் பயன்படுத்தியதால் அவர் முகம் கோரமாகத் திரிந்து தெரிகிறது, அதனால் அதை நீக்கிவிடுங்கள் என்று வெல்ஸ் தம் குறிப்பில் கேட்டிருந்தார். அதே வகை லென்ஸைப் படம் முழுக்க வேண்டுமென்றே பயன்படுத்திய ஒருவர் இப்படியொரு காரணம் சொல்வது வியப்பாக இருக்கிறது. மர்ச் அந்தக் காட்சித்துண்டை நீக்கிப் பார்த்தபோது உண்மையான காரணம் விளங்கியதாகப் பின்னர் விளக்கியிருக்கிறார். அந்த நெருக்கக் காட்சி இருந்தால் மென்சீஸ் அந்த இடத்திலேயே நொறுங்கிப்போனவராகத் தெரிகிறார். அதன் பிறகு அவர் செய்வதெல்லாம் வர்காஸிடம் தோற்றுப்போனவர் செய்வதாக ஆகிவிடுகிறது. அது இல்லாவிட்டால், அவர் கேட்டதைத் தாங்கிக்கொண்டு, தானே யோசித்து, தானே முடிவெடுத்தவராக நிற்கிறார். மேலிடத்திடம் பாத்திரத்தின் உள்ளத்தைப் பற்றிப் பேசினால் எடுபடாது என்று தெரிந்து, லென்ஸைக் காரணம் காட்டியிருக்கிறார் வெல்ஸ். அலுவலகத்தில் கோப்பு நகர வேண்டும் என்பதற்காக வேறு காரணம் எழுதிய அனுபவமுள்ள எவருக்கும் இந்தத் தந்திரம் புரியும்.

சில விநாடி நீளமுள்ள ஒரு துண்டை நீக்கியது, ஒரு மனிதனின் தன்மானத்தையே திருப்பித் தருகிறது. பாலத்தின்மேல் சுடப்பட்டு விழுந்த மென்சீஸ், வர்காஸைச் சுடவிருந்த குவின்லனைத் தன் கடைசி வலுவைத் திரட்டிச் சுடும்போது, அது பழிவாங்குதலாகத் தெரியாமல் முன்பு எடுத்த முடிவின் நிறைவாகத் தெரிவது 1998 வடிவத்தில்தான். அதற்குப் பிறகு குவின்லன், உனக்காக நான் வாங்கிக்கொண்ட இரண்டாவது குண்டு இது என்று சொல்லும் வரியும் அப்போதுதான் முழுக் கசப்போடு இறங்குகிறது.

இந்த வடிவத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். அந்த 58 பக்கங்கள் தம் படம் எப்படி இருக்க வேண்டும் என்று வெல்ஸ் எழுதிய கனவுப் பத்திரம் அல்ல. வேறொருவர் திருத்திய வடிவத்தைப் பார்த்துவிட்டு, எவ்வளவு கேட்டால் கிடைக்கும் என்று கணக்கிட்டு எழுதிய பேரம் அது. எதற்காகப் போராடினால் பலனில்லை என்று அவர் நினைத்தாரோ அதைப் பற்றி அதில் பேசியிருக்கவே மாட்டார். ஆகவே அந்தக் குறிப்பை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினாலும் கிடைப்பது 1957 டிசம்பரில் சாத்தியமாகியிருக்கக்கூடிய ஒரு சமரசம்தானே ஒழிய, அந்த ஆண்டு கோடையில் வெல்ஸின் மேசையில் இருந்த படம் அல்ல. தொகுப்பாளருக்கு முன்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தால், எழுதியதைத் தாமே மாற்றியிருக்கவும் கூடும். அவருடைய மகள் எதிர்ப்புத் தெரிவித்ததால் கான் விழாவில் திட்டமிட்டிருந்த திரையிடல் கைவிடப்பட்டு, படம் அமெரிக்காவின் டெல்யூரைட் விழாவில் முதலில் காட்டப்பட்டது என்பதும் நினைவில் இருக்க வேண்டியதே. இந்த வாதங்களை நான் ஏற்கிறேன். ஆனால் இவற்றைச் சொல்பவர்கள் அடுத்ததாக 1958 வடிவமே அசல் என்று முடிப்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அதுவும் ஒரு சமரசம்தான். அதில் இயக்குநரின் பேரத்தில் சிலவற்றுக்கு மட்டுமே இடம் தரப்பட்டது.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் சரியாகாத சில உண்டு. மறுபடி பார்ப்பவர் அவற்றை எதிர்பார்த்தே உட்கார வேண்டும். சார்ல்டன் ஹெஸ்டன் முகத்துக்குப் பழுப்புப் பூசி மெக்சிகோக்காரராக வருவது இன்றைய கண்ணுக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். வெல்ஸை இயக்குநராக்கச் சொல்லி ஸ்டுடியோவிடம் பேசியவரே ஹெஸ்டன் என்பதால் படமே அவருக்குக் கடன்பட்டிருக்கிறது. அதனால் உறுத்தல் குறைந்துவிடாது. நாட்டின் எல்லைகளில் நடக்கும் இனவெறியைச் சாடும் படம், தன் நாயகனாக மெக்சிகோ நடிகர் ஒருவரைத் தேடவில்லை. ஜேனட் லீ நடித்த சூசனைத் தனித்த மோட்டலில் கும்பல் சூழும் பகுதியும் அப்படித்தான். கைகளாலும் நிழல்களாலும் மட்டும் காட்டியிருப்பதால் அது முன்பைவிட இப்போது அதிகமாகக் கலங்கவைக்கலாம். அந்த மோட்டலின் இரவுக் காவலாளியாக டென்னிஸ் வீவர் செய்யும் நடுக்கமும் துள்ளலும் எனக்கு மூன்று வடிவங்களிலும் ஒரேபோல மிகையாகவே படுகின்றன.

முதல் முறையாகப் பார்ப்பவருக்கும் 1998 வடிவத்தையே சொல்வீர்களா என்று கேட்டால், ஆம், ஆனால் அத்தனை உறுதியாக அல்ல. படத்தின் இரைச்சலையும் அவசரத்தையும் முதலில் உடம்பில் வாங்கிக்கொள்ள 95 நிமிட வடிவம் மோசமான வழி இல்லை. மான்சினியின் முகப்பு இசையைக் கேட்காமலேயே ஒருவர் இந்தப் படத்தைக் கடந்துபோவதும் இழப்பே. இருமுறை பார்க்க மனமுள்ளவர்கள் 1958 வடிவத்தை முதலிலும் 1998 வடிவத்தைப் பின்னரும் பார்ப்பது நல்லது. பல ஆண்டுகளுக்கு முன் பார்த்தவர்கள் அந்த முதல் படியை ஏற்கெனவே முடித்துவிட்டார்கள், அவர்கள் நேரே 1998க்குப் போகலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். 2008இல் யுனிவர்சல் வெளியிட்ட 50ஆம் ஆண்டு டிவிடித் தொகுப்பில் மூன்று வடிவங்களும் உள்ளன. இணையத் தளங்களிலோ படத்தின் பெயர் மட்டும் இருந்து எந்த வடிவம் என்று சொல்லப்படாமல் இருப்பது வழக்கம். ஓடும் நேரத்தைப் பாருங்கள், அதிலேயே விடை இருக்கும். திரை விகிதத்தை, அதாவது படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை, பற்றியும் ஒரு சச்சரவு உண்டு. படம் ஏறத்தாழச் சதுரமான 1.37 சட்டத்தில் பதிவாகி, அக்காலத் திரையரங்க வழக்கப்படி மேலும் கீழும் மறைத்து 1.85 விகிதத்தில் காட்டப்பட்டது. பிரிட்டனில் 2011இல் வந்த யுரேகா நிறுவனத்தின் புளூ-ரேயில் இரண்டு விகிதங்களும் கிடைக்கின்றன. குவின்லனைத் தரையோரத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் ஷாட்களில் அறையின் கூரை முழுதாகத் தெரிவதற்காக நான் 1.37ஐ விரும்புகிறேன். தொடக்க ஷாட்டிலும் பாலத்துக் காட்சியிலும் 1.85 இன்னும் இறுக்கமாக இருக்கிறது என்று சொல்பவர்களிடம் சண்டைக்குப் போகமாட்டேன். இதில் எதைத் தேர்ந்தாலும் மென்சீஸுக்குக் குறை ஒன்றும் வராது.